முப்பத்தேழாம் நம்பர் கால்

ஆம்பூர் ஷூ கம்பெனியில், புதிதாகத் தைத்த ஜோடியைப் போட்டு நடந்து பார்ப்பதும் என் வேலை. என் கால் அச்சாக முப்பத்தேழாம் நம்பர். அன்று வந்தது துருக்கியில் உள்ள ஒரு பெண்கள் கால்பந்து கிளப்புக்கான ஷூ. சூப்பர்வைசர் அவர்கள் ஆடும் வீடியோவைப் போனில் காட்டினார். கட்டாந்தரையில் ஆடத் தொடங்கிய பெண்கள் இப்போது நாட்டின் முதல் டிவிஷனில் ஆடுகிறார்கள். மைதானம் முழுக்க ஜனம்.

"பொம்பளைங்க ஓடறதப் பாக்கவா சார் இத்தினி பேர் வந்துக்கிறாங்க?"

"ஆமாம்மா. நீங்களும் இதப் போட்டுக்கினு நடக்காதீங்க, ஓடுங்க."

பெரியவளான அன்று வீட்டில் ஓடாதே என்றார்கள். அதன்பிறகு பஸ்ஸுக்குக்கூட ஓடியதில்லை. பேக்கிங் ஹாலின் கோடிவரை ஓடினேன். போதும் என்று அவர் சொன்ன பிறகும் கால் நிற்கவில்லை. இந்தக் காலை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் நடந்தே தொலைத்தேன்?