தாடியோடு திருத்தணிக்கு வந்த இரண்டு கமாண்டோக்கள்

திருத்தணிக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். இந்த முறை சாமி கும்பிட மட்டும் போகவில்லை, கதை கேட்கப் போனேன். என் சித்தி மகன் தணிகா ராணுவத்தில் சிறப்புப் படைக்காரன். ஊர்ப்பக்கம் கமாண்டோ என்பார்களே, அதுதான். மாசி மாதம் நான்கு நாள் லீவில் வந்திருந்தான். சித்தியின் வேண்டுதலுக்காகச் சனிக்கிழமை மலைக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், நானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டேன். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். படமும் கிடையாது. ஏனென்று போகப்போகத் தெரியும்.)

அம்பத்தூரிலிருந்து காலை ஐந்து மணிக்கு பைக்கை எடுத்தேன். ஆவடி, திருவள்ளூர் தாண்டியதும் ரோடு அருமையாக இருக்கிறது, லாரிகளைத்தான் பார்த்து ஓட்ட வேண்டும். ஆறே முக்காலுக்குக் கனகம்மாசத்திரம். சித்தியின் டிபன் கடை பஸ் ஸ்டாப்பை ஒட்டியே இருக்கிறது. நான்கு இட்லியும் வடகறியும் நாற்பது ரூபாய். சொந்தக்காரன் என்பதால் எனக்கு வடகறி கொஞ்சம் தூக்கலாக விழும், உங்களுக்கு அதற்கு நான் பொறுப்பில்லை.

தணிகாதான் பரிமாறினான். ஆளைப் பார்த்ததும் அசந்துவிட்டேன். தோளில் புரளும் முடி, நெஞ்சு வரைக்கும் தாடி. ராணுவத்தில் முடியை ஒட்ட வெட்டுவதுதான் வழக்கம். ஆனால் சிறப்புப் படையில் சிலருக்கு வேலை நிமித்தம் விலக்கு உண்டு, போகிற ஊர் ஆட்களோடு ஆளாகக் கலந்து நிற்க வேண்டும் அல்லவா.

நான் விடுவேனா? இந்தப் படையைப் பற்றிப் பத்து வருஷமாகப் படித்து வைத்திருக்கிறேன், அத்தனையையும் அவனிடமே ஒப்பித்தேன். உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அறுபத்தைந்தாம் ஆண்டுப் போரின்போது, பல ரெஜிமெண்டுகளிலிருந்து தாமாக முன்வந்தவர்களைச் சேர்த்து ஒரு சின்னக் குழு அமைத்தார்கள். எதிரியின் முதுகுப்பக்கம் போய் வேலையை முடித்துத் திரும்புவதுதான் அவர்கள் பொறுப்பு. அது நன்றாகக் கைகொடுக்கவே, பிறகு நிரந்தரப் படையாக்கினார்கள். எழுபத்தொன்றில் ஒரு பிரிவு பாலைவனத்தில் ஜீப்புகளிலேயே எல்லை தாண்டி வெகுதூரம் உள்ளே போனது. இன்னொரு பிரிவு மலைப்பகுதியில் எதிரியின் பீரங்கிகளை வெடிவைத்துத் தகர்த்தது. இன்றைக்கும் யாரையும் கட்டாயப்படுத்திச் சேர்ப்பதில்லை. தானே கேட்டு வர வேண்டும். மாதக்கணக்கில் வாட்டி எடுப்பார்கள். பெரும்பாலானவர்கள் பெட்டியைக் கட்டிவிடுவார்கள், தாக்குப்பிடித்தவனுக்குத்தான் மெரூன் தொப்பி.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு தணிகா, "ஆங். இன்னொரு இட்லி வைக்கட்டாண்ணா?" என்றான். அவ்வளவுதான். எனக்கு எரிச்சல் வந்தது, இட்லியையும் விடவில்லை.

அதற்குள் சித்தி தோசைக்கல்லுக்குப் பக்கத்திலிருந்து ஆரம்பித்துவிட்டார். போன வருஷம் தணிகாவிடமிருந்து ஒன்றரை மாதம் போன் இல்லை. டிவியில் எல்லைச் செய்தி ஓடிக்கொண்டே இருந்தது. பிள்ளை முழுசாகத் திரும்பி வந்தால் திருத்தணியில் மொட்டை போடுகிறேன் என்று சித்தி வேண்டிக்கொண்டார். பிள்ளை வந்தான், முடிதான் சாமிக்குப் போய்ச்சேரவில்லை.

"மூணாவது லீவுடா இது. அடுத்த தபா, அடுத்த தபான்னு சொல்லிகினே கீற. முருகன் இன்னா நம்ம கடைக்கு டீ குடிக்க வர்ற ஆளா, அப்புறம் வான்னு சொல்ல?"

"ம்மா, மொட்டையும் மழமழ மூஞ்சியுமா போய் நின்னா டீம்ல என்ன உட்டுட்டுப் போய்டுவாங்கம்மா. தாடி இருந்த எடம் வெளுத்துத் தெரியும். அந்த ஊரு டீக்கடைக்காரனே கண்டுபுடிச்சிடுவான்."

"உட்டுட்டுப் போகட்டும். உசுரோட இருப்ப இல்ல?"

"என் எடத்துல வேற ஒருத்தன் போவான்மா. அவனுக்கும் அம்மா கீறாங்க."

சித்தி தோசையைத் திருப்பினார். பிறகு மெதுவாக, "திங்கக்கிழம நீ கெளம்பணும்னா இன்னிக்கு மொட்ட. இல்லன்னா இந்த வாசப்படிய நீ தாண்ட மாட்ட" என்றார். குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது. அந்த மொட்டை பாக்கி இருக்கும்வரை மகனுக்குக் காவல் இல்லை என்று அவர் நிஜமாகவே நம்புகிறார். அந்த ஒன்றரை மாதம் அவர் இருந்த இருப்பைப் பார்த்தவன் நான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பைக்கைக் கடையிலேயே விட்டோம். சித்தப்பாவைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, நாங்கள் மூன்று பேர் பஸ் பிடித்தோம். அரை மணி நேரத்தில் திருத்தணி. பஸ் ஸ்டாண்டில் இன்னொரு தாடி நின்றுகொண்டிருந்தது. சீனு, ஆந்திர எல்லையில் இருக்கும் நகரிக்காரன், வீட்டில் தெலுங்கு. தணிகாவின் ஜோடி.

ஜோடி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இந்தப் படையில் இருவர் இருவராகத்தான் வேலை. ஒருவன் தூங்கினால் மற்றவன் விழித்திருப்பான். ஒருவன் அடிபட்டால் மற்றவன் தூக்கிவருவான். சீனுவும் தணிகாவும் பயிற்சியிலிருந்தே ஜோடி. போன வருஷம் பாராசூட்டில் இறங்கும்போது சீனுவுக்கு முழங்கால் போய்விட்டது. எட்டு மாதமாக ஸ்டோர் ரூமில் சாமான் எடுத்துக் கொடுக்கிறான். ஆனாலும் தாடியை எடுக்கவில்லை. முட்டி சரியானதும் மறுபடி டீமில் சேர்ந்துவிடலாம் என்றுதான் விட்டிருக்கிறான் என்று தணிகா சொன்னான்.

"பாவா!" என்று தணிகாவைக் கட்டிக்கொண்டான் சீனு. இந்தப் பக்கம் மச்சானை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இரண்டு தாடியும் சேர்ந்து நின்ற அழகைப் படம் எடுக்கலாம் என்று போனை வெளியே எடுத்தேன். நான் வாயைத் திறக்கும் முன்னே இரண்டு முகமும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. சரிதான் என்று போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

படி வழியாக ஏறலாமே என்றேன். சீனு முழங்காலைத் தட்டிக் காட்டினான். மலைமேல் போக ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார், நூற்றைம்பதுக்கு வந்தார். வழியில் அவர், "சாமியாருங்களா?" என்று இவர்களைப் பார்த்துக் கேட்டார். "ஆங், காசிலேர்ந்து வர்றோம்" என்றான் சீனு, முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லாமல். சித்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தார்.

மொட்டை மண்டபத்தில் சனிக்கிழமைக் கூட்டம். மொட்டைக்குக் கட்டணம் கிடையாது, சீட்டு மட்டும் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். நிற்கும்போது நான் சமரசம் பேசிப் பார்த்தேன். "சித்தி, பூமுடி கொடுத்தா போதாதா? மூணு கத்தரி, முடிஞ்சுது."

"பூமுடியா வேண்டிகினேன்? பூரா மொட்டன்னுதான்டா சொன்னேன். சாமிகிட்ட சொல்லிட்டு இப்போ பேரம் பேசச் சொல்றியா?"

எங்கள் முறை வந்தது. தணிகா அம்மாவைப் பார்த்தான். சித்தி சீட்டை மொட்டை போடுபவரிடம் நீட்டினார். அவன் சட்டையைக் கழற்றினான். "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் பலகையில் உட்கார்ந்தான். மொட்டை போடுபவர், "தாடியும் சேத்தாப்பா?" என்றார். தணிகா தலையை மட்டும் ஆட்டினான். அதோடு அவனுடைய இந்த வருஷத்து வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் தெளிக்கப்போன நேரத்தில் சீனு அவன் தோளைப் பிடித்து எழுப்பினான். "லேய் பாவா. நான் உக்காறேன்."

"நீ எதுக்குடா?"

சீனு சித்தியிடம் திரும்பினான். "அம்மா, எங்க டீம்ல கெளம்பறதுக்கு முன்னாடி ஜோடி ஜோடியாத்தான் பேர் கூப்புடுவாங்க. ரெண்டு பேர்ல ஒருத்தன் ஆஜர் சொன்னா ரெண்டு பேருக்கும் சொன்ன மாதிரி. இன்னொருத்தன் வாயத் தொறக்கமாட்டான். இன்னிக்கி நான் சொல்றேன்மா. ஒத்துக்குங்க."

"நீயும் திரும்பப் போகணுமேடா, இந்தத் தாடியோட?"

"நான் போறதில்லமா. போன வாரம் மெடிக்கல் போர்டு முடிச்சிட்டாங்க. இந்த முட்டிக்கு இனிமே ஸ்டோர் ரூம்தான், கடைசி வரைக்கும்."

தணிகாவுக்கு அது தெரியாது. அவன் முகத்தைப் பார்த்த எனக்குத் தெரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் கட்டிப்பிடித்தபோதுகூட சீனு சொல்லவில்லை. தணிகா சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

பின்னால் வரிசையிலிருந்து ஒருவர், "யாரோ ஒருத்தர் உக்காருங்கப்பா, வெயில் ஏறுது" என்றார். சித்தி சீனுவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "உக்காருடா" என்றார்.

கத்தி நாலு இழுப்பு இழுத்ததும் தலை வந்தது, பிறகு கன்னம் வந்தது. தணிகா காலையில் சொன்னது அத்தனையும் உண்மை, தாடி இருந்த இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது. பத்து வயசு குறைந்துவிட்டது பையனுக்கு. கண்ணாடி கேட்டான். பார்த்தான். "பரவால்ல, நல்லாத்தான் கீறேன்" என்றான். கண் மட்டும் கலங்கியிருந்தது.

குழாயடியில் அவன் குளித்து வந்ததும் சித்தி சந்தனத்தைக் குழைத்து அவன் தலையில் பூசினார். பூசிக்கொண்டே, "ஒனக்கு யாருடா வேண்டிகினாங்க, அடிபட்டப்போ?" என்று கேட்டார்.

"அம்மா லேதும்மா, எறந்துட்டாங்க. நைனாகிட்ட நான் சொல்லல."

சித்தியின் கை நின்றது. அப்படியே சந்தனக் கையோடு சன்னதிப் பக்கம் திரும்பினார். "முருகா, இவன் இந்த முட்டியோட கீழேர்ந்து மேல வரைக்கும் படியேறி வரணும். வந்தான்னா மொட்ட."

"ஐயோ, திரும்பவும் என் முடியா?" என்றான் தணிகா.

"ஒன் முடி யாருக்குடா வேணும்? என் முடி."

நான்கு பேரும் சிரித்தோம். சித்தி மட்டும் சிரிக்கும்போதே அழுதார். சிறப்பு தரிசனச் சீட்டு வாங்காமல் பொது வரிசையிலேயே போனோம், முக்கால் மணி நேரம் ஆனது. திங்கட்கிழமை தணிகா தாடியோடு ரயிலேறினான்.

திருத்தணி போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சென்னையிலிருந்து புறநகர் ரயில்தான் மலிவு. பைக்கில் வருவதானால் வெயிலுக்கு முன் வந்துவிடுங்கள். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் தாங்காது என்றால் சாதாரண வார நாளைப் பாருங்கள். மொட்டை போடுகிறவர்கள் மாற்றுத்துணியும் துண்டும் கையோடு எடுத்துப்போங்கள். படியேற முடிந்தவர்கள் ஏறுங்கள், வருஷத்து நாளுக்கு ஒன்றாக முந்நூற்று அறுபத்தைந்து என்பார்கள். வீட்டில் படைக்காரர்கள் இருந்தால் அவர்களிடம் கதை கேட்டு உயிரை வாங்காதீர்கள். அவர்கள் சொல்லமாட்டார்கள். பக்கத்தில் சும்மா உட்கார்ந்தால் போதும் என்பது இந்தப் பயணத்தில் எனக்குப் புரிந்தது.

போன மாதம் சித்தி போன் செய்து என்னைத் திருத்தணிக்கு வரச் சொன்னார். சீனு லீவில் வந்திருந்தான். தினமும் உடற்பயிற்சி, எண்ணெய், கட்டு என்று முட்டியை ஒரு வழிக்குக் கொண்டுவந்திருந்தான். அடிவாரத்தில் ஆரம்பித்து, பத்துப் படிக்கு ஒருமுறை நின்று நின்று, மூன்று மணி நேரத்தில் மேலே வந்து சேர்ந்தான். நாங்கள் யாரும் கைகொடுக்கவில்லை. கொடுக்கப்போனபோது முறைத்தான்.

சித்தி பலகையில் உட்கார்ந்து, நரைத்த கொண்டையை அவிழ்த்துவிட்டு, "பூரா எடுப்பா" என்றார். பாதி மொட்டையில் அவர் போன் அடித்தது. தணிகா. மூன்று வாரமாக அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. எங்கே இருக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லமாட்டான். படியேறும் தேதி முன்பே தெரிந்திருந்த அவன்தான் பதறிப் பதறி, "சீனு ஏறுனானாம்மா?" என்று கேட்டான். ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது.

சித்தி குனிந்த தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "ஏறிட்டான்டா. நீ ஒன் வேலயப் பாரு."