அண்ணன் தேர்ந்தெடுக்காத கன்றுகள்

குட்டியானை வண்டியிலிருந்து முதல் கன்றை இறக்கியபோது அண்ணன் அதன் முதுகில் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, கொஞ்சம் வெட்கத்தோடு, "சூடா இருக்குது" என்றார். கன்றுக்குக் காய்ச்சலோ என்று நான் பயந்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் செலக்டராக இருந்தவர் அவர். உப்புப் போட்டு மடித்து அடுக்கிய தோல்களை ஒவ்வொன்றாக விரித்து, தடவிப் பார்த்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று பிரித்துப் போடுவது அவர் வேலை. எத்தனையோ ஆயிரம் மாடுகளை அந்தக் கை தொட்டிருக்கிறது. எல்லாமே குளிர்ந்து போனவை.

எங்கள் வீட்டில் யாரும் மாடு வளர்த்ததில்லை. அப்பாவும் தோல் வேலைதான். மாதனூருக்குப் பக்கத்தில் அம்மா வழியில் வந்த ஒன்றரை ஏக்கர் நிலம் முள் மண்டிக் கிடந்தது. எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அண்ணன் வீட்டிலேயே தங்கி, ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சேர்ந்து, சூப்பர்வைசர் வரைக்கும் வந்திருந்தேன். அண்ணன் வேலை பார்த்த இடத்தை ஒரு நாள் மூடினார்கள். ஐம்பத்து மூன்று வயதில் அவர் கையில் கொஞ்சம் பி.எஃப். பணத்தோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். அந்தப் பணத்தை அண்ணி ஏற்கெனவே மனதுக்குள் மகளுக்கென்று எடுத்து வைத்துவிட்டார். அவள் அப்போது பிளஸ் ஒன். நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அண்ணிக்கு அது ஆசையைவிடப் பெரியது.

கறிக்கு மாடு வளர்க்கலாம் என்ற யோசனை அண்ணனுடையது. அதில் சந்தேகமில்லை. எங்கள் பக்கத்தில் மாட்டுக்கறிக்கு என்றைக்கும் கிராக்கி உண்டு; சந்தைக்கு ஓட்டிப் போனால் வியாபாரிகள் விடமாட்டார்கள். படிப்புக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, அதற்குள் பணத்தைக் கொஞ்சம் பெருக்கிக்கொள்ளலாம் என்று அண்ணியிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கினார். எந்த மாடு என்பதுதான் மீதிக் கேள்வி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து அண்ணி கோயிலுக்குப் போயிருந்தபோது, நானும் அவரும் கூடத்தில் உட்கார்ந்து அதைப் பேசினோம். அந்த ஒரு மணி நேரத்தை நான் பிறகு எத்தனை தடவை திரும்பப் பேசிப் பார்த்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

அவருக்கு எருமைக் கிடாவோ ஜவ்வாது மலைப் பக்கத்து நாட்டு மாடோதான் பிடித்திருந்தது. காரணத்தை அவர் தெரிந்த வழியில் சொன்னார். "மலைமாட்டுத் தோலு சின்னது பாப்பா. ஆனா கையில புடிச்சா தெரியும், கெட்டி. உண்ணி கடிச்ச தழும்பு கம்மி. எருமையும் அப்டிதான், எதையும் தாங்கும். சீமை மாட்டுத் தோலு இருக்குதே, அகலமா நல்லாதான் இருக்கும். வெளிச்சத்துல விரிச்சா பூரா பொட்டுப் பொட்டா கடி. வயித்துப் பக்கம் தொளதொளன்னு வரும். நம்ம ஊரு வெயிலும் பூச்சியும் அதுக்கு ஒத்துக்கல. பூரா தோலுல எழுதியிருக்குது."

நான் கம்பெனியில் வேகத்தைப் பார்த்துப் பழகியவள். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜோடி என்று போர்டில் எழுதி, அது குறைந்தால் மேலே பதில் சொல்ல வேண்டியவள். செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து வைத்திருந்தேன். கறுப்பும் வெள்ளையுமான எச்.எஃப். என்கிற சீமை மாட்டுக் கலப்புக் காளைக் கன்றுகள். பால்காரர்கள் வேண்டாம் என்று தள்ளுபவை, மலிவாகக் கிடைப்பவை, நல்ல தீவனம் போட்டால் மளமளவென்று எடை ஏறுபவை. மலைமாடு ஏறுவதற்குள் வருடங்கள் போய்விடும். மகளின் படிப்பு காத்திருக்காது. கால்நடை டாக்டரம்மாவிடமும் கேட்டிருந்தோம். "வளர்ச்சி வேணும்னா கலப்பினம் நல்லதுதான். ஆனா பராமரிப்பு ஜாஸ்தி. புதுசா ஆரம்பிக்கிறவங்க எருமைக் கன்னு வெச்சுப் பழகுங்க" என்றார் அவர். அதில் முதல் பாதியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

அண்ணன் மறுபடியும் தோலைப் பற்றி ஆரம்பித்தார். எனக்கு எரிச்சல் வந்தது. "நீ பாத்தது எல்லாம் செத்த மாடுண்ணா. நமக்கு வேண்டியது வளர்ற மாடு" என்றேன்.

அவர் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "சரி. நீ படிச்சிருக்க. உன் இஷ்டப்படியே வாங்கலாம்" என்றார். அண்ணி திரும்பி வந்தபோது முடிவாகியிருந்தது. யார் முடிவு என்று அவர் கேட்கவில்லை. வீட்டில் மாடு சம்பந்தமாக எல்லாம் அண்ணன் முடிவுதானே.

ஆறு கன்றுகள் வாங்கினோம். முதல் எட்டு மாதம் நன்றாகவே போனது என்று சொல்ல வேண்டும். அண்ணன் கொட்டகை போட்டார், சோளம் விதைத்தார், தீவனப் புல் நட்டார். காலையில் நான் கம்பெனி பஸ்ஸில் போகும்போது ரோட்டிலிருந்தே தெரியும், ஒரு கன்றுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து உண்ணி பொறுக்கிக்கொண்டிருப்பார். மற்றவர்கள் மாட்டுக்குப் பேர் வைப்பார்கள். அவர் வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றின் தோலிலும் எந்த இடத்தில் சுழி, எந்த இடத்தில் கீறல் என்று மனப்பாடமாக வைத்திருந்தார். கன்றுகள் நான் சொன்ன மாதிரியே வளர்ந்தன. அதில் எனக்குப் பெருமை இருந்தது. "பாத்தியா" என்று ஒரு நாள் சொன்னேன். "ஆமாம்மா, நீ சொன்னது சரிதான்" என்று அவர் மனதாரச் சிரித்தார்.

மழைக்காலத்தில் அது வந்தது. கால்நடை ஆஸ்பத்திரியில் தோல் கழலை நோய் என்றார்கள். ஊரில் அம்மை என்றார்கள், தொழுவத்தில் வேப்பிலை செருகினார்கள். குடியாத்தம் பக்கம் இருக்கிறது என்று கேள்விப்பட்ட வாரமே டாக்டரம்மா வந்து ஊசி போட்டார். ஊசி உடம்பில் பிடிப்பதற்குள் நோய் முந்திக்கொண்டது. ஒரு காலையில் அண்ணனின் கை ஒரு கன்றின் கழுத்துக்குக் கீழே நின்றுவிட்டது. நான் பார்த்தபோது வெளியில் ஒன்றும் தெரியவில்லை. "இங்க ஒண்ணு. இங்க ஒண்ணு. இதோ" என்று என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார். சுண்டைக்காய் அளவுக்கு உருண்டையாக, தோலுக்கு அடியில். மறுநாள் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. நான்காம் நாள் ஆறு கன்றுகளுக்கும் உடம்பு முழுக்க.

வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் அரைத்து உருண்டை பிடித்து ஊட்டினார். குப்பைமேனியும் மஞ்சளும் எண்ணெயில் காய்ச்சிப் புண்களில் தடவினார். டாக்டரம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தார். கன்றுகளின் கால்கள் வீங்கின. எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. பக்கத்து நிலத்துக்காரர் இரண்டு மலைமாடு வைத்திருந்தார். அவற்றுக்கும் கட்டிகள் வந்தன, நான்கைந்து நாள் தீனி எடுக்காமல் கிடந்து எழுந்துகொண்டன. ஏரிப் பக்கத்து எருமைகளுக்கு ஒன்றுமே இல்லை. பஸ் ஜன்னலிலிருந்து தினமும் அவற்றைப் பார்த்துக்கொண்டு போனேன். சேற்றில் கழுத்து வரைக்கும் இறங்கி நிம்மதியாக நின்றன. அண்ணன் அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பவே சொன்னேனே என்கிற மாதிரி என்னை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அன்றைக்கே அழுது தீர்த்திருப்பேன்.

நான்கு கன்றுகள் செத்தன. நிலத்தின் மூலையில் பொக்லைன் வைத்துக் குழி எடுத்தோம். சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. சுண்ணாம்பு அண்ணனுக்குப் புதிதல்ல. தோலில் முடி கழல்வதற்கு அதில்தான் ஊறப் போடுவார்கள். வேறு யாரையும் தொடவிடாமல் அவரே கூடையில் அள்ளி, ஒரு இடம் விடாமல், ஓரங்களிலும் சமமாகத் தூவினார். முடிந்ததும் குழி ஓரத்தில் நின்று, "இந்தத் தோலு எந்தத் தரத்துக்கும் வராது" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. பிழைத்த இரண்டையும் ஒரு வியாபாரி, உடம்பெல்லாம் வடுவாக இருக்கிறதே என்று முகம் சுளித்து, தான் சொன்ன விலைக்கே ஓட்டிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் அண்ணி கேட்டார். "ஊரே எருமையும் நாட்டு மாடும் வெச்சிருக்குது. உங்களுக்கு மட்டும் இன்னாத்துக்கு இந்தச் சீமை மாடு? யாரு சொன்னா உங்களுக்கு?"

நான் அடுப்பங்கரை வாசலில் நின்றிருந்தேன். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "யாரும் சொல்லல. நான்தான் பாத்து எடுத்தேன்" என்றார். நான் வாயைத் திறக்க ஒரு நொடி இருந்தது. அந்த நொடி போய்விட்டது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மகள் நர்சிங் படிக்கவில்லை. பிளஸ் டூ முடித்ததுமே எங்கள் கம்பெனியில் சேர்ந்தாள். முதலில் பசை ஒட்டுகிற இடத்தில், பிறகு என் தையல் வரிசையிலேயே. காலையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். அண்ணன் வேறொரு ஷூ கம்பெனியில் வாட்ச்மேனாகப் போனார். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும்போது அண்ணி தட்டோடு சேர்த்து ஒரு வார்த்தையும் வைப்பார். பெரிய சண்டையெல்லாம் இல்லை. "பெரிய செலக்டரு." அவ்வளவுதான். சில நாள், "தோலு பாக்கறவருக்கு மாடு தெரியுமா?" அண்ணன் தலை குனிந்து சாப்பிடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன். தனியாக இருக்கும்போது ஒரு முறை, "அண்ணிகிட்ட நான் சொல்லிடறேண்ணா" என்றேன். "வேணாம். நீயும் இந்த வீட்டுலதான இருக்கணும்" என்றார். அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது. இப்படியே இரண்டு வருடம் போனது. பிறகு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து, அவர் போய்ச் சேர்ந்தார்.

போன பொங்கலுக்கு முன்னால் அண்ணியிடம் சொன்னேன். வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். எந்தக் காரணமும் இல்லை. எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை, அண்ணன் எருமை கேட்டதை, செத்த மாடு என்று நான் அவரிடம் பேசியதையும் விடாமல் சொன்னேன். அண்ணி கையிலிருந்த துணியை மடித்து முடித்தார். அதை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்.

"ரெண்டு வருசம். ஒரு நாள்கூட அந்த மனுசனுக்கு நல்ல வார்த்தை சொல்லிச் சோறு போடலயே நானு. அவரு இருந்தப்ப சொல்லியிருக்கக் கூடாதா நீ?"

நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவர் திட்டவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார்.

நாங்கள் இன்னும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். நான் வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தால் தட்டு வருகிறது. சோறு சூடாக இருக்கிறது. குழம்பில் எனக்குப் பிடித்த முருங்கைக்காயைத் தேடி எடுத்துப் போடுகிறார். ஒரு குறையும் வைப்பதில்லை. எதுவும் சொல்வதுமில்லை. ஒவ்வொரு நாளும் அவர் தட்டை என் முன்னால் வைக்கும்போது ஒரு நொடி காத்திருக்கிறேன், அண்ணன் தட்டோடு வந்த அந்த வார்த்தை இன்றைக்காவது எனக்கு வருமா என்று. அண்ணி தண்ணீர்ச் சொம்பையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார்.