ஆண்டவரின் வலது தோள்

எங்கள் ஆயா வீட்டு உள்ளறையில் ஆண்டவர் படுத்திருந்தார். இதைப் பக்தியில் சொல்லவில்லை, அளவெடுத்துச் சொல்கிறேன். ஐந்தரை அடி நீளம், மரத்தில் செதுக்கிய சுரூபம், மூடி போட்ட பெட்டிக்குள். வருஷத்தில் ஒரு நாள், பெரிய வெள்ளிக்கிழமை மட்டும், வெளியே வருவார். கோயிலில் அவரைச் சிலுவையில் ஏற்றி, மூன்று மணிக்கு ஆணி பிடுங்கி இறக்கி, தூம்பா என்று நாங்கள் சொல்லும் பாடையில் கிடத்தி ஊரைச் சுற்றி வருவார்கள். பிறகு மறுபடியும் ஆயா வீடு. கோயிலில் கரையான் தொல்லை என்பதால் அறுபதுகளில் ஒரு சாமியார் செய்துவிட்டுப் போன ஏற்பாடு அது.

இறக்கும்போது கைகள் மடங்க வேண்டும் என்பதற்காக, தோள்பட்டை இரண்டிலும் மாட்டுத்தோல் பட்டை வைத்துத் தைத்திருந்தது. தவக்காலம் வந்தால் ஆயா அந்தத் தோலுக்கு எண்ணெய் போடுவார், பிரிந்த தையலைப் போடுவார், உடம்பைத் துடைப்பார், தலை வாருவார். அது நிஜ முடி. தாத்தா செத்த வருஷம், தன் இருபத்தாறு வயதில், ஆயா நேர்ச்சையாக மழித்துக் கொடுத்தது. ஆயாவின் தலை பஞ்சாகிவிட்டது. ஆண்டவர் தலையிலிருந்த ஆயாவின் முடிக்கு மட்டும் இருபத்தாறு வயது தாண்டவே இல்லை. அவர் சீப்பும் கையுமாக உட்கார்ந்திருக்கும்போது நான் அந்த அறைப் பக்கம் போகமாட்டேன். தண்ணீர்ப் பானை அங்கே இருந்தது. வருஷத்தில் நாற்பது நாள் பக்கத்து வீட்டில் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் நான்.

எழுபதுகளின் நடுவில் எங்கள் பக்கத்துக்கு ஒரு இளம் சாமியார் வந்தார். மோட்டார் சைக்கிளில் வருவார், பூசையைச் சுருக்கமாக முடிப்பார். பொம்மையை வைத்துக்கொண்டு அழுகிற காலம் போய்விட்டது என்பது அவர் கட்சி. இந்த ஒரு வருஷம் நடக்கட்டும், ஏதாவது கோளாறு நடந்தால் சுரூபத்தைப் பங்குக் கோயில் கிடங்கில் வைத்துப் பூட்டிவிடுவேன் என்று, ஊர்க் கோயிலில் செபம் நடத்தும் உபதேசியாரிடம் சொல்லிவிட்டார். உபதேசியார் அதை ஆயாவிடம் சொன்னார். ஆயா செபமாலையை இன்னொரு சுற்று உருட்டினார்.

அந்த வருஷம்தான் ஆயாவுக்குக் கண்ணில் புரை மூடியிருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியும். காப்பியில் உப்பு விழுந்த நாளில் கண்டுபிடித்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. டைப்ரைட்டிங் பரீட்சையில் இரண்டு தடவை தோற்று, பூசை நேரத்தில் புளியமரத்தடியில் சீட்டாடுகிறவன் என்று பெயர் வாங்கியிருந்தேன். பெரிய வாரத்துப் புதன்கிழமை உச்சி வெயிலில் ஆயா என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டு, கையில் கோணூசியைக் கொடுத்தார்.

"வலது தோளு பிரிஞ்சிருக்குது. நாஞ் சொல்லச் சொல்லத் தை."

மாட்டுக்குக் கழுத்துப்பட்டை தைக்கிற பாய் இருக்கிறாரே, அவரைக் கூட்டிவரட்டுமா என்று கேட்டேன்.

"வேற ஆளு வந்தா எங்கண்ணு போனது தெரிஞ்சிரும்டா. தெரிஞ்சா நாளைக்கே வண்டியக் கட்டிருவாங்க. உக்காரு."

உட்கார்ந்தேன். வெளியே ஆடு மாடு சத்தம்கூட இல்லை. சித்தேரி மலையிலிருந்து வருகிற காற்றும் நின்றுபோயிருந்தது. ஆண்டவரின் கண்கள் பாதி திறந்திருந்தன. கண்ணாடிக் கண்கள். ஊசியைத் தோலில் ஏற்றினேன். கையின் அந்தக் கடைசியில், மரத்தில் செதுக்கிய விரல்கள் லேசாக அசைந்தன. ஊசியை எடுத்தேன், நின்றன. மறுபடி குத்தினேன், அசைந்தன.

"ஆயா, வெரலு ஆடுது."

"குத்துனா ஆடாதா?" என்றார், பருப்பு வெந்ததா என்று கேட்கிற தொனியில்.

பட்டையை இழுத்தால் கை ஆடும், கை ஆடினால் விரல் ஆடும். இந்த விளக்கம் எனக்குத் தோன்ற இருபது வருஷம் பிடித்தது. அன்றைக்குச் செய்தது ஒன்றுதான்: கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். ஆக, அந்தத் தையலைப் போட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்திக்குக் கண் தெரியாது, இன்னொருத்தன் கண்ணைத் திறக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை, வழக்கமாக வலது ஏணியில் ஏறுகிறவருக்குக் காய்ச்சல். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை கூட்டத்தைப் பார்த்தார். உயரமாக நான்தான் இருந்தேன். மறுத்தால் ஆயாவைக் கேட்பார்கள், பேச்சு எங்கே போகும் என்று தெரியாது. ஏறினேன். கீழே ஒப்பாரி போல நீண்ட பாட்டு. ஆணியைப் பிடுங்கினார்கள். கையை வெள்ளைத் துணியில் தாங்கி மெதுவாகக் கீழே விட வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. துணி என் கையில் இருந்தது. ஆனால் ஆண்டவரின் கை கீழே போகவில்லை. என் தோளுக்கு மேலாக வந்து, பிடரியில் விழுந்து, அங்கேயே நின்றது. மரம் என்றால் குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைப்பீர்கள். வெதுவெதுப்பாக இருந்தது.

"தெரியாமப் பண்ணிட்டேன், வுட்டுருங்க" என்று கத்தினேன். தையலைத்தான் சொன்னேன். பிறகு ஏணியிலிருந்து விழுந்து குப்புறக் கிடந்தேன். ஊர் அதைச் சாஷ்டாங்கமாக எடுத்துக்கொண்டது. சீட்டாடுகிற பாவியை ஆண்டவர் கட்டிப்பிடித்தார், அவனும் எல்லோர் முன்னாலும் பாவசங்கீர்த்தனம் செய்தான் என்று பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். சனிக்கிழமை பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒரு பஸ் ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஒரு அம்மாள் தன் குழந்தையின் தலையை என் பிடரியில் தேய்த்துவிட்டுப் போனாள். சுரூபம் இனி ஆயா வீட்டை விட்டுப் போகக்கூடாது என்று ஊரே நின்றது. சாமியாரும் கிடங்குப் பேச்சை விட்டுவிட்டார்.

ஆயா ஜெயித்துவிட்டார். ஆனால் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. திங்கட்கிழமை காலை என் தோளைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். சுரூபம் இன்னும் தூம்பாவிலேயே கிடந்தது. சாமியார் தனியாக இருந்தார். தன் கண் போனது, பேரன் தைத்தது, அவன் பயந்தாங்கொள்ளி என்பது உட்பட எல்லாவற்றையும் ஆயா வரிசையாகச் சொன்னார்.

"தையலு வுட்டுருக்கும், அதான் கை இவம் மேல வுழுந்துது, பாருங்க சாமி. பொய்யில அவர வெச்சிருக்கறதுக்கு, அவரு போயிரட்டுங்க."

சாமியார் தோள் துணியை விலக்கினார். நானும் எட்டிப் பார்த்தேன். தையல் ஒரு இழைகூட விடவில்லை. அவர் விரலை நுழைத்து இழுத்துப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கப் பார்த்தார். பட்டை அத்தனை இறுக்கமாக இருந்தது, விலாவை விட்டு ஒரு சாண்கூட எழும்பவில்லை. வெள்ளிக்கிழமை சிலுவையில் விரித்து ஆணியடித்திருந்த கை அது. இரண்டு கையாலும் முயன்றார். எழும்பவில்லை. அவர் என்னைப் பார்த்தார். பொம்மை என்று சொன்ன மனிதரின் மேலுதடு முழுக்க வியர்வை. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது, துணைக்கு இன்னொரு பயந்தாங்கொள்ளி கிடைத்தானே என்று.

"வுட்டுருக்குதுங்களா?" என்றார் ஆயா.

சாமியார் துணியை மூடினார்.

"ஆமாம்மா. விட்டுத்தான் இருக்கு."

நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்திருந்தால் ஆண்டவர் ஆயா வீட்டிலேயே இருந்திருப்பார். அதோடு அந்த அறைக்குப் பக்கத்தில் நானும் படுக்க வேண்டியிருந்திருக்கும். திறக்கவில்லை.

பங்குக் கோயில் கிடங்குக்குக் கொண்டுபோக மத்தியானமே மாட்டு வண்டி வந்தது. கொடுப்பது ஆயாவே என்றதும் ஊர் தடுக்கவில்லை. வைக்கோல் பரப்பி, ஆண்டவரைக் கிடத்திய பெட்டியை ஏற்றினார்கள். ஆயா வாசல் வரை வந்து, சக்கரச் சத்தம் தார்ரோட்டில் ஏறும்வரை நின்றார். பிறகு முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"எத்தன எடத்துல வுட்டிருந்துதுடா?"

"மூணு எடத்துல, ஆயா."

"நாலு இருக்கும்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, மூன்று நாளைக்குப் பிறகு சோறு கேட்டார்.