நூல் சுற்றிய சிப்பாய்

தளவாய்புரம் வெங்கடேஸ்வரி செஸ்ஸில் ராணியை நம்பி ஆடுகிறவள் இல்லை. ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய்களைத்தான் ஏவிவிடுவாள். ராஜபாளையத்து மில் ஒன்றில் பன்னிரண்டு வருடமாக அறுந்த நூலை இணைக்கிற வேலை. சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீனில் செஸ். எதிராளி குதிரையை வெளியே எடுப்பதற்குள் இவளுடைய நான்கு சிப்பாய்கள் நடுப்பலகையில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும்.

"ஏட்டி, ஒஞ் சிப்பாயெல்லாம் ஷிப்ட் முடிஞ்சு பஸ்ஸுக்கு ஓடுதாக்கும்?" என்பாள் கூட வேலை செய்யும் மாடத்தி.

கேன்டீனுக்கென்று இரண்டு சட்டம் உண்டு. ஆட்டம் தொடங்கும்போது மட்டும் இரண்டு சிப்பாய்களைச் சேர்த்து நகர்த்தலாம். கடைசிக் கட்டத்தை எட்டி ராணியாகும் சிப்பாய்க்கு மாற்றாக வைக்க அங்கே வேறு ராணி கிடையாது; கழுத்தில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டால் அதுதான் ராணி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்டப் பெண்கள் அணிக்கான தேர்வு. நான்கு சுற்றில் மூன்று வெற்றி. ஐந்தாவதையும் ஜெயித்தால் அணியில் இடம். பத்தாவதோடு படிப்பு நின்ற பிறகு, மில் வருகைப் பதிவைத் தவிர வேறெந்தப் பட்டியலிலும் அவள் பெயர் ஏறியதில்லை. எதிரே கல்லூரி மாணவி கார்த்திகா.

நான்கு சுற்றும் அடங்கிக் கிடந்த கை, கடைசிச் சுற்றுப் பதற்றத்தில் பழக்கத்துக்குப் போய்விட்டது. இரண்டு சிப்பாய்களைச் சேர்த்து நகர்த்திக் கடிகாரத்தையும் அழுத்தினாள்.

நடுவர் வந்தார். "ஒரு தடவைக்கு ஒரு காய்தாம்மா. அவங்களுக்கு ரெண்டு நிமிஷம் கூட. இன்னொரு தப்பு நடந்தா ஆட்டம் போச்சு."

அந்த எரிச்சலையும் சேர்த்துச் சிப்பாய்களை ஏவினாள். இரண்டைப் பலி கொடுத்தாள். கார்த்திகாவின் ராஜா மூலைக்கு ஓடியது. கடைசியில் ஒரு சிப்பாய் மறுகரை ஏறியேவிட்டது.

வெங்கடேஸ்வரியின் விரல்கள் துப்பட்டாவில் ஒட்டியிருந்த மில் நூலை உருவின. ஒரு சுற்று, ஒரு முடிச்சு. கடிகாரத்தை அழுத்திவிட்டாள். பலகையோரம் உபரி ராணி ஒன்று காத்துக்கொண்டிருந்ததை அதன் பிறகுதான் பார்த்தாள்.

கார்த்திகா தயங்கித் தயங்கி நடுவரை நோக்கிக் கையைத் தூக்கினாள்.

"ராணின்னுதான சார் கட்டியிருக்கேன்?" என்றாள் வெங்கடேஸ்வரி.

"காயை மாத்தி வச்சிட்டுத்தாம்மா கடிகாரத்தை அமுக்கணும். இது ரெண்டாவது தப்பு."

"ஜெயிச்ச ஆட்டம் சார் இது! இவளையே கேளுங்க."

"தோத்துட்டேன்னுதாங்க்கா இருந்தேன்," என்றாள் கார்த்திகா, தலையை நிமிர்த்தாமல்.

சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். அதில் கார்த்திகாவின் பெயர் இருந்தது.

"பக்கத்துல நின்ன ராணிய எடுத்து வைக்கத் தெரியலையாட்டி ஒனக்கு?" என்று கொதித்தாள், துணைக்கு வந்திருந்த மாடத்தி.

"தெரியும்ட்டி! சட்டம் அம்புட்டும் தெரியும். இந்தக் கைதான்..." பல்லைக் கடித்தாள்.

மேசைகளை மடக்கத் தொடங்கியிருந்தார்கள். "அந்த நூலை அவுத்துருங்கம்மா, செட்டைத் திருப்பிக் குடுக்கணும்," என்றார் நடுவர்.

நகத்தால் நெம்பினாள். மில் முடிச்சு, அவளே போட்டது. அவிழவில்லை.