பின்னங்கால்

ஈரப்புல்லும் குதிரை வியர்வையும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும், பந்தய அட்டையை மடித்துவிட்டேன். எனக்கு மறுபடியும் பத்து வயது.

ஜேர்மனியின் வுப்பர்டாலுக்கு வந்த புதிதில், அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் தடைதாண்டும் குதிரைப் பந்தயத்துக்குக் கூட்டிப்போவார். யாழ்ப்பாணத்து மாட்டுவண்டிச் சவாரியில் எந்தச் சோடி முந்தும் என்று பார்த்தவுடனே சொல்லிவிடுகிறவர். இங்கும் அதே கண்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நடத்திக் காட்டும் குதிரைகளின் நெஞ்சையும் தோளையும் மட்டும் பார்ப்பார்.

"உந்தக் கறுப்பன்தான். நெஞ்சைப் பார், பிள்ளை!"

கறுப்பன் சமதரையில் பறந்தான்; முதல் வேலியில் முரண்டுபிடித்து நின்றுவிட்டான். அடுத்த பந்தயத்தில் அவர் சொன்ன வெள்ளையனும் அப்படியே. எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, மாடு நேரா ஓடினாக் காணும். இது பாயவேணும். பின்னங்காலைப் பாருங்கோ. அந்த மெலிஞ்ச சிவலைதான் வெல்லும்."

"உனக்கென்ன தெரியும்?" என்று சிரித்தார்.

"தெரியும்."

சிவலை ஒரு வேலியிலும் தயங்காமல் முதலாவதாக வந்தது. திரும்பும்போது ரயிலில் அப்பா பந்தய அட்டையை விரித்து, சிவலையின் பெயரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கைபேசி அடித்து என்னை இன்றைய பந்தயத் திடலுக்கு இழுத்தது; அப்பாதான். முழங்கால் வலியால் இப்போதெல்லாம் அப்பா பந்தயத்துக்கு வருவதில்லை.

"எல்லாரும் முதலாம் நம்பர் எண்டுதான் சொல்லுகினம், பிள்ளை."

"ஆர் சொன்னாலும் ஏழுதான் அப்பா."

"பின்னங்காலைப் பாத்தனியே?"

"ஓம்."

"அப்ப எல்லாருக்கும் பிழை."