நசித்து எறி

கனடாவின் ஸ்காபரோ நகரில், காய்கறி வெயார்ஹவுஸ் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகத் தக்காளி தரம் பிரிப்பவர் செபமாலை. நசிந்த பழம் ஒன்று பெட்டிக்குள் போனாலும் வாய்க்கு வந்தபடி ஏசுவார். அந்த அப்பாவுக்குத்தான் மகள் ஷாமினி, ஸ்பெயினில் தெருவில் தக்காளி எறியும் திருவிழாவுக்கு டிக்கெட் எடுத்தாள்.

"சாப்பாட்டை எறியிறதுக்கு ஒரு திருவிழாவே?"

"ஒரு நாளாவது நசிச்சுப் பாருங்கோப்பா. நானும் வாறன்."

பெப்ரவரியில், 401 நெடுஞ்சாலையில் நடந்த விபத்தில் அவள் போய்விட்டாள். ஆகஸ்டில் அவர் தனியே போனார்.

லொறிகள் பழத்தைக் கொட்டின. நசித்துவிட்டுத்தான் எறிய வேண்டும் என்றார்கள். செபமாலையின் கைகளோ, பழக்கதோஷத்தில், நல்ல பழங்களைப் பொறுக்கிச் சுவரோரம் அடுக்கின. திடீரென்று ஒரு பழம் நெஞ்சில் வந்து சிதறியது. நிமிர்ந்தார். ஷாமினியின் உயரத்தில் ஒருத்தி, முகமெல்லாம் சிவப்புக் கூழாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவரும் ஒன்றை எடுத்து நசித்தார். எறிந்தார். அவள் திருப்பி எறிந்தாள். திருவிழா முடியும்வரை இருவரும் விடவில்லை.

பிறகு தெருவைக் கழுவத் தண்ணீர்க் குழாய்களைத் திறந்தார்கள். அவள் முகத்தைக் கழுவக் குனிந்தாள்.

அவள் நிமிருமுன், செபமாலை திரும்பி நடந்துவிட்டார்.