மூலையில் ஒரு அம்புக்குறி

என் வீட்டுக்காரர் சரியான சந்தேகப் பிராணி. டீயில் சர்க்கரை குறைந்தால்கூட, "யார் சொல்லிக் குடுத்தா?" என்பார். இந்த மனிதரோடுதான் குப்பை கொட்டுகிறேன்.

தொழில், வீட்டுப் பிளான் வரைவது. முன்பு வரைந்து வாங்கிப் போனவர்கள் மாடி எடுக்க, அறை சேர்க்க மறுபடி வருவார்கள். பழைய பிளானைத் திறந்து திருத்திக் கொடுப்பார். எங்கள் அடுப்பு எரிவதே அந்தப் பழைய பிளான்களால்தான். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று என்று ஒளித்து வைத்திருந்தார். தேடி எடுப்பதற்குள் அவருக்கே மூச்சு வாங்கும்.

உதவிக்கு வந்த என் தங்கை, ஆட்கள் காத்திருக்கிறார்களே என்று, ஒவ்வொரு பிளானுக்கும் ரைட் கிளிக் செய்து டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் போட்டுவிட்டாள். தட்டினால் திறந்தது. நல்லது செய்ததாக நினைத்தாள், பாவம்.

இவர் பார்த்துவிட்டு என்னைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"எல்லாத்தையும் வெளிய எடுத்துப் போட்டிருக்கா. மூலையில அம்புக்குறி வேற. எதை எதைத் தூக்கணும்னு அடையாளம்!"

"அவ என் தங்கச்சிங்க!"

"அதனாலதான் சொல்றேன்."

அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, டெஸ்க்டாப்பில் இருந்ததை எல்லாம் பென்டிரைவில் ஏற்றினார். அதிலிருந்து ஒன்றைத் தட்டியும் பார்த்தார். திறந்தது. அப்புறம் கம்ப்யூட்டரில் வெளியே இருந்ததையும், உள்ளே ஒளித்திருந்த ஃபோல்டரையும் ரீசைக்கிள் பின் வரை சுத்தமாக அழித்துவிட்டுப் பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இனிமே எடுக்கட்டும், பாக்கலாம்."

மறுநாள் ஒருவர் மாடி எடுக்கவேண்டும் என்று வந்தார். இவர் பென்டிரைவைச் செருகினார். எந்த வீடும் திறக்கவில்லை. தங்கை எட்டிப் பார்த்தாள்.

"அத்தான், இது பிளான் இல்ல. பிளான் இருக்கிற இடத்துக்கு வழி மட்டும்தான். அதுக்குத்தான் அந்த அம்புக்குறி. உள்ள இருக்கிற ஃபோல்டரைத் திறங்க."

இவர் வந்தவரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். அழித்ததைச் சொன்னார். அப்புறம் கெஞ்சினார்.

"உண்மையைச் சொல்லும்மா. திட்ட மாட்டேன். நீ ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கதானே?"

கடவுளே, என் தங்கை திருடியாக இருந்துவிடக் கூடாதா என்று நானே வேண்டிக்கொண்டேன்.

"சத்தியமா இல்ல அத்தான்." அவள் கண் கலங்கிவிட்டது.

இவர் மறுகேள்வி கேட்கவில்லை. முதல்முறையாக அவளை நம்பினார்.